மோதியது யார்? திருவனந்தபுரம் விமான நிலையமும் அதன் பறவைகளும்

தண்டவாளத்தில் யானை இறந்தால் ‘ரயில் மோதி யானை பலி’ என்று தமிழ் நாளிதழ்கள் எழுதுகின்றன. நெடுஞ்சாலையில் மாடு இறந்தால் ‘லாரி மோதி மாடு பலி’ என்பது தலைப்பு. எடை மிகுந்ததும் விரைந்து வந்ததும் எதுவோ, அதுவே வாக்கியத்தின் எழுவாயாக நிற்கிறது. வானத்தில் மட்டும் இந்த இலக்கணம் தலைகீழாகிறது. ‘பறவை மோதி விமானம் அவசரத் தரையிறக்கம்.’ அரைக் கிலோ எடையுள்ள பருந்து மோதுகிறது. பல பத்து டன் எடையுள்ள விமானம் மோதலுக்கு உள்ளாகிறது. மலையாள இதழ்களிலும் இடிப்பது பறவைதான். ஆங்கிலக் கலைச்சொல்லும் தாக்கும் தொழிலைப் பறவைக்கே கொடுத்திருக்கிறது.

சொல் இவ்வாறு அமைந்ததில் வியப்பில்லை. அறிக்கை எழுதுபவர் விமானத்தின் உள்ளிருந்து பார்க்கிறார். ஆனால் எழுவாய் மாறும்போது பொறுப்பும் இடம் மாறுகிறது. பறவை மோதியது என்றால் பறவையை விரட்ட வேண்டும் என்பது அடுத்த வாக்கியமாகிவிடும். அந்தப் பறவை அங்கே ஏன் இருந்தது என்ற கேள்வி எழுவதேயில்லை. திருவனந்தபுரம் விமான நிலையத்தின் தொண்ணூறு ஆண்டு வரலாறு இந்தக் கேள்விக்கு விடை தேட ஏற்ற களம்.

ஒரே அரசின் இரு பணிகள்

திருவிதாங்கூரில் வானூர்தித் தளம் 1932ஆம் ஆண்டில், கோதவர்ம ராஜாவின் முன்முயற்சியில் உருவான பறக்கும் கழகத்தோடு தொடங்குகிறது. 1935இல் மன்னர் சித்திரைத் திருநாளின் ஆதரவில் டாட்டா நிறுவனத்தின் விமானம் முதன்முறையாக இங்கு வந்திறங்கியது. ஓட்டி வந்தவர் நெவில் வின்சென்ட். வந்தது ‘ஃபாக்ஸ் மாத்’ எனும் ஒற்றை இயந்திரம் கொண்ட ஈரடுக்கு இறக்கை விமானம். மூன்று நான்கு பயணிகளுக்கு மேல் அதில் அமர இயலாது. அது திரும்பும்போது திருவிதாங்கூரின் அஞ்சல் பம்பாய்க்குப் பறந்தது. களம், சங்குமுகம் கடற்கரையை ஒட்டிய மணல்வெளி.

அதே ஆண்டுகளில் அதே அரசு வேறொரு பணிக்கும் ஆதரவளித்துக்கொண்டிருந்தது. 1933இல் திருவிதாங்கூர், கொச்சி அரசுகளின் ஆதரவுடன் சலீம் அலி இப்பகுதியின் பறவைகளை முறையாக ஆய்வு செய்தார். அதற்கு முப்பது ஆண்டுகளுக்கு முன்பே, திருவனந்தபுரம் அருங்காட்சியகத்தின் பொறுப்பில் இருந்த பெர்குசனும் வனத்துறையைச் சேர்ந்த போர்டிலனும் திருவிதாங்கூரின் பறவைகளைப் பட்டியலிட்டிருந்தனர். சலீம் அலியின் ஆய்வு முடிவுகள் 1935 முதல் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் ஆய்விதழில் தொடராக வெளிவந்தன. 1953இல் அவை நூலாயின.

ஒரே அரசு, ஏறத்தாழ ஒரே காலத்தில், வானத்தில் ஏற்கெனவே பறப்பவை எவை என்று எண்ணச் செய்தது. புதிதாக ஒன்றை அதே வானத்தில் ஏற்றவும் செய்தது. ஆய்வு மலைக்காடுகளில் நடந்தது, தளம் கடற்கரையில் எழுந்தது. இவற்றில் ஒன்றுக்கு மற்றது தேவைப்படும் என்று அன்று யாரும் கருதியிருக்க வாய்ப்பில்லை.

தளம் வந்த நிலம்

தளம் அமைந்த இடம் வெற்றுவெளி அன்று. மேற்கே அரபிக்கடல், வடக்கே ஆக்குளம்–வேளி காயல், தெற்கே பூந்துறையை நோக்கி வரும் கரமனை ஆறு, தென்கிழக்கே வெள்ளாயணி ஏரியும் புஞ்சக்கரி வயல்களும். தளத்தின் விளிம்பை ஒட்டியே பார்வதி புத்தனாறு செல்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் இராணி கௌரி பார்வதி பாயியின் காலத்தில் வெட்டப்பட்ட படகுப் போக்குவரத்துக் கால்வாய் அது. ஊர்ப்பெயர்களே நிலத்தைச் சொல்லிவிடும். வள்ளக்கடவு என்பது வள்ளங்கள் அணையும் துறை. வலியதுறை என்பது பெரிய துறை. மீன் இறங்கும் கரைகளும் நீர் தேங்கும் வயல்களும் காயலும் பத்துக் கிலோமீட்டர் வட்டத்துக்குள் அடங்கிய இடம் இது.

இத்தகைய நிலத்தில் பறவைகள் மிகுதியாக இருப்பது இயல்பு. கேரளத்தில் 2015 முதல் 2020 வரை தன்னார்வலர்கள் மேற்கொண்ட பறவை வரைபடக் கணக்கெடுப்பு மாநிலம் முழுவதும் 361 இனங்களைப் பதிவு செய்தது. அதில் திருவனந்தபுரத்தின் ஈரநிலங்களுக்கும் பங்குண்டு. புஞ்சக்கரியும் ஆக்குளமும் பறவை நோக்குவோர் தலைமுறைகளாகச் செல்லும் இடங்கள். உண்ணிக்கொக்கு, குளத்துக்கொக்கு, நீர்க்காகம், ஆள்காட்டி, மாடப்புறா, மைனா, பனை உழவாரன், கூகை, காகம் ஆகியவை ஆண்டு முழுதும் காணக்கிடைப்பவை. செப்டம்பருக்குப் பின் வடக்கிலிருந்து தகைவிலான்களும் உப்புக்கொத்திகளும் வந்து சேரும். இவற்றுக்கெல்லாம் மேலே, கடற்கரையின் காற்றில் வட்டமிடுபவை இரண்டு: வெண்தலையும் செம்முதுகும் கொண்ட செம்பருந்து, மலையாளத்தில் கிருஷ்ணப்பருந்து, பிளவுபட்ட வாலையுடைய கள்ளப்பருந்து, மலையாளத்தில் சக்கிப்பருந்து.

இவை எதுவும் விமான நிலையத்தைத் தேடி வந்தவை அல்ல. நிலையம்தான் இவற்றின் வாழிடத்துக்குள் வந்தது. ஆனால் இதை மட்டும் சொல்லி நிறுத்தினால் வரலாற்றின் பாதிதான் சொல்லப்பட்டதாகும். பழைய மணல்தளத்தில் பறவைகள் பெருஞ்சிக்கலாக இல்லை. பிற்காலத்தில் சிக்கலானதற்குக் காரணங்கள் இரண்டு. ஒன்று விமானத்தின் தொழில்நுட்பத்தில் உள்ளது, மற்றொன்று நகரத்தின் கழிவில் உள்ளது.

வேகத்தின் கணக்கு

பதிவாகிய முதல் பறவை மோதல் 1905 செப்டம்பர் 7ஆம் நாள் அமெரிக்காவின் டேட்டன் அருகே நிகழ்ந்தது. ஓட்டியவர் ஆர்வில் ரைட். சோள வயலின் மேல் பறந்த அவர் ஒரு பறவைக்கூட்டத்தைத் துரத்தி வட்டமடித்தார். ஒரு பறவை அடிபட்டு இறக்கையின் மேல் விழுந்தது. முதல் நிகழ்விலேயே துரத்தியவர் மனிதர்தான் என்பதை அவருடைய குறிப்பே பதிவு செய்திருக்கிறது. ஏழாண்டுகள் கழித்து, 1912 ஏப்ரலில் கலிபோர்னியாக் கடலோரத்தில் கால்பிரெய்த் ராஜர்ஸ் கடற்பறவை ஒன்றுடன் மோதிய விபத்தில் உயிரிழந்தார். பறவை மோதலில் பதிவான முதல் மனித உயிரிழப்பு அது.

மோதலின் ஆற்றல் வேகத்தின் இருமடிக்கு ஏற்ப வளர்கிறது. வேகம் இரு மடங்கானால் ஆற்றல் நான்கு மடங்கு. மணிக்கு 150 கிலோமீட்டரில் சென்ற ஃபாக்ஸ் மாத்தின் மீது 600 கிராம் பருந்து தரும் அடியைவிட, மணிக்கு 270 கிலோமீட்டரில் மேலெழும் ஜெட் விமானத்தின் மீது அதே பருந்து தரும் அடி மூன்று மடங்குக்கும் கூடுதல். பருந்து மாறவில்லை, அதன் எடையும் பறக்கும் விதமும் 1935இல் இருந்தவையே. மாறியது எதிரே வருவது. மேலும் ஜெட் இயந்திரம் பெருமளவு காற்றை உள்ளிழுக்கிறது. எதிர்ப்படும் பறவையும் காற்றோடு சேர்ந்து சுழலும் அலகுகளுக்குள் சென்றுவிடுகிறது. தரையைவிட்டு எழும் கணங்களில் இயந்திரம் முழு ஆற்றலில் இயங்கும். விமானியிடம் உயரமும் இருக்காது, அவகாசமும் இருக்காது. பெரும்பாலான மோதல்கள் நிலையத்தின் அருகிலேயே, தாழ்ந்த உயரத்தில் நிகழ்வதால்தான் ஓடுபாதையைச் சுற்றியுள்ள நிலம் இத்தனை முதன்மை பெறுகிறது.

1960 அக்டோபர் 4ஆம் நாள் பாஸ்டனில் எலெக்ட்ரா வகை விமானம் ஒன்று, எழுந்த சில நொடிகளில் சிறு பறவைக்கூட்டத்துக்குள் புகுந்து கடலில் வீழ்ந்தது. 62 பேர் மாண்டனர். இயந்திரங்களில் கிடைத்த இறகுத் துணுக்குகள் ஸ்மித்சோனியன் நிறுவனத்துக்கு அனுப்பப்பட்டன. ராக்ஸி லேபர்ன் என்ற அம்மையார் அவற்றின் நுண்ணமைப்பைக் கொண்டு அந்த இனத்தை அடையாளம் காண உதவினார். தடயப் பறவையியல் என்னும் துறை அப்பணியிலிருந்து வளர்ந்தது. ‘பறவை’ என்ற பொதுச்சொல் போதாது என்பதே அத்துறையின் முதல் பாடம். இனம் தெரிந்தால்தான் அது எதை உண்ண வந்தது, எந்த நேரத்தில் வந்தது, எங்கிருந்து வந்தது என்று கேட்க முடியும். இந்தியாவில் கோயம்புத்தூரிலுள்ள சலீம் அலி பறவையியல் மையத்திலும் இறகும் மரபணுவும் கொண்டு இனமறியும் பணி நடைபெறுகிறது.

கழிவின் பாதை

இனம் பார்த்துக் கேட்கத் தொடங்கினால் திருவனந்தபுரத்தில் விடை நகரத்துக்குள் அழைத்துச் செல்கிறது. நகரத்தின் நிலம் கிழக்கே உயர்ந்து மேற்கே கடலை நோக்கிச் சரிகிறது. ஆகவே நகரம் வேண்டாமென்று விட்டதெல்லாம் மேற்குக் கரையை வந்தடைந்தது. சுதந்திரத்துக்கு முன்பே திட்டமிடப்பட்ட பாதாளச் சாக்கடையின் கழிவுநீர் வலியதுறைப் பக்கத்துப் புல்நிலங்களில் பாய்ச்சப்பட்டது. இன்று அதே சூழலில், முட்டத்தறையில், நாளொன்றுக்கு 10.7 கோடி லிட்டர் கொள்ளளவுள்ள சுத்திகரிப்பு நிலையம் இயங்குகிறது. படகுகள் போன புத்தனாறு, சாக்கடையும் குப்பையும் சேர்ந்து, நெடுங்காலம் ஓட்டமற்ற நீர்நிலையாகக் கிடந்தது.

திடக்கழிவின் வரலாறும் இதையே சொல்கிறது. 2000ஆம் ஆண்டில் நகரின் கிழக்கே விளப்பில்சாலையில் குப்பை பதப்படுத்தும் ஆலை திறக்கப்பட்டது. துர்நாற்றத்தையும் நீர் மாசையும் எதிர்த்து அவ்வூர் மக்கள் ஆண்டுக்கணக்கில் போராடினர். 2011 டிசம்பரில் ஊராட்சி ஆலையைப் பூட்டியது. ஊராரின் நியாயம் மறுக்க இயலாதது. ஆனால் அன்று முதல் நகரத்தின் குப்பைக்குச் செல்ல இடமில்லை. தெருமுனைகளிலும் கால்வாய்க் கரைகளிலும் அது குவிந்தது. குன்னுக்குழியில் இருந்த மாநகராட்சி இறைச்சிக்கூடமும் மூடப்பட்டு நெடுங்காலம் கிடந்ததால், ஆடுமாடு அறுப்பதும் கோழிக் கழிவை அகற்றுவதும் கடைதோறும் சிதறின. கழிவு, காவல் குறைந்த கரைகளைத் தேடிச் சென்றது. விமான நிலையத்தின் சுற்றுமதிலை ஒட்டிய பகுதிகளும் அவற்றுள் அடங்கும்.

பருந்தும் காகமும் அங்கே கூடுவது இதன் தொடர்ச்சி. காலை வெயிலில் தரை சூடாகி மேலெழும் காற்றில் பருந்துகள் ஏறி வட்டமிடுகின்றன. காலை விமானங்களும் அப்போதுதான் எழுகின்றன. மழைக்குப் பின் ஓடுபாதைப் புல்லில் மண்புழுவும் பூச்சியும் வெளிப்பட, உண்ணிக்கொக்கும் ஆள்காட்டியும் இறங்குகின்றன. ஈசல் கிளம்பும் மாலையில் எல்லாமே கூடுகின்றன. புல்லை உயரமாக விட்டால் எலி பெருகும், எலியைத் தேடிக் கூகை வரும். குட்டையாக வெட்டினால் ஆள்காட்டிக்கு வசதி. வெடியோசையும் லேசர் ஒளியும் பறவையை ஒரு மணிநேரம் விலக்கலாம். உணவு அங்கேயே இருக்கும்வரை அது திரும்பி வரும். ஓசை தீங்கற்றது என்பதையும் சில நாட்களில் கற்றுக்கொள்ளும்.

சட்டத்தின் எழுவாய்

இந்தியச் சட்டத்தில் இதற்கான இடம் 1937ஆம் ஆண்டின் வானூர்தி விதித்தொகுப்பு. விமான நிலையத்திலிருந்து பத்துக் கிலோமீட்டர் சுற்றளவுக்குள் விலங்குகளை அறுப்பதும் தோலுரிப்பதும், விலங்குகளையோ பறவைகளையோ ஈர்க்கும் குப்பையைக் கொட்டுவதும் கூடாது என்கிறது 91ஆம் விதி. ஒவ்வொரு நிலையத்துக்கும் மாநில அதிகாரிகளைக் கொண்ட சுற்றுச்சூழல் மேலாண்மைக் குழு ஒன்றும் உண்டு. பறவைகளுக்கோ 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் காவலாக நிற்கிறது. பருந்தைச் சுட்டு வீழ்த்துவது தீர்வாக முடியாது.

91ஆம் விதி ஒரு நல்ல மாற்றத்தைச் செய்கிறது. அதன் எழுவாய் பறவை அன்று, கொட்டும் மனிதர். ஆனால் திருவனந்தபுரத்தில் பத்துக் கிலோமீட்டர் வட்டம் வரைந்தால் தலைமைச் செயலகம், சாலைச் சந்தை, மருத்துவக் கல்லூரி என ஏறத்தாழ முழு நகரமும் அதற்குள் வந்துவிடும். முழு நகரமும் குற்றவாளியாக இயலாது. ஆகவே நடைமுறையில் விதி, வேலியின் அருகே அகப்படுபவர் மீதே பாய்கிறது: வள்ளக்கடவின் இறைச்சிக் கடைக்காரர், பீமாபள்ளியின் சிறு உணவகம், பூந்துறையின் மீன் விற்கும் பெண். பறவையிடமிருந்து எடுத்த பழி இப்போது ஏழையிடம் போய்ச் சேருகிறது. கழிவு தங்கள் கரையில் வந்து சேரும் நிலத்தில் வாழ்வது இம்மக்களின் தேர்வு அன்று. முறையான இறைச்சிக்கூடத்தையும் அன்றாடக் கழிவகற்றலையும் தராத நிர்வாகம் இந்த வாக்கியத்தில் எங்கும் தோன்றுவதில்லை. இலக்கணத்தில் தோன்றா எழுவாய் என்று ஒன்று உண்டு. சொல்லில் வெளிப்படாவிட்டாலும் வினையைச் செய்தது அதுவே. இங்கே தோன்றா எழுவாய் நகரமும் அதை ஆள்வோரும்.

அமைதியான வானம் என்னும் மயக்கம்

பறவைகள் குறைந்தால் சிக்கல் தீரும் என்ற எண்ணத்துக்கும் இந்திய வரலாற்றில் ஒரு விடை உள்ளது. 1980களில் சலீம் அலி, தம் வாழ்வின் கடைசி ஆண்டுகளில், பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் வழியாக இந்திய விமானத் தளங்களின் பறவை இடர்பற்றிய ஆய்வுக்குத் தலைமை தாங்கினார். திருவிதாங்கூர்ப் பறவைகளைப் பதிவு செய்தவர் அரை நூற்றாண்டு கழித்து ஓடுபாதைக்கு வந்து சேர்ந்தார். அக்காலத்தில் வடஇந்தியத் தளங்களில் பேரச்சம் பிணந்தின்னிக் கழுகு. தளங்களின் அருகே கிடந்த கால்நடைச் சடலங்களும் இறைச்சிக் கழிவும் அவற்றை ஈர்ப்பதை ஆய்வு சுட்டிக்காட்டியது.

பின்னர் கழுகுகள் மறைந்தன. சடலங்கள் முறையாக அகற்றப்பட்டதனால் அன்று. கால்நடைகளுக்குக் கொடுத்த டைக்ளோஃபினாக் மருந்து அவற்றின் சிறுநீரகத்தை அழித்ததனால். வெண்முதுகுக் கழுகின் எண்ணிக்கை 1992க்கும் 2007க்கும் இடையே 99.9 விழுக்காடு வீழ்ந்தது. 2006இல் கால்நடைப் பயன்பாட்டுக்கு அம்மருந்து தடைசெய்யப்பட்டது. கேரளத்தில் இன்று கழுகுகள் எஞ்சியிருப்பது வயநாட்டில். கழுகு போனபின் அழுகும் இறைச்சி தெருநாய்க்கும் எலிக்கும் காகத்துக்கும் பருந்துக்கும் உரியதாயிற்று. இடரைத் தந்த இனம் ஒன்று இல்லாமற்போயிற்று. இடரின் மூலம் இருந்த இடத்திலேயே இருந்தது.

2024 டிசம்பர் 29ஆம் நாள் தென்கொரியாவின் முவான் விமான நிலையத்தில் 179 பேர் மாண்டதையும் இங்கே நினைவுகூரலாம். இரு இயந்திரங்களிலும் கிடைத்த எச்சங்கள் ஒருவகைக் காட்டு வாத்தினுடையவை என்று மரபணுச் சோதனை காட்டியது. ஆனால் தரையில் வயிறு உரசிச் சறுக்கிய விமானம் வெடித்துச் சிதறியது, ஓடுபாதைக்கு அப்பால் வழிகாட்டும் கருவியைத் தாங்கி நின்ற கான்கிரீட் திட்டில் மோதியபோது. வாத்துகள் அங்கே குளிர்காலம் கழிக்க வருபவை. திட்டை அங்கே கட்டியவர்கள் மனிதர்கள். ‘பறவை மோதி 179 பேர் பலி’ என்று எழுதினால் அந்தத் திட்டு வாக்கியத்திலிருந்து மறைந்துபோகும்.

இடம் பகிரும் மரபு

வானூர்தியின் கால அட்டவணை எதற்கும் வளையாது என்று சொல்வதற்கில்லை. பத்மநாபசுவாமி கோவிலின் ஐப்பசி, பங்குனித் திருவிழாக்களின் ஆறாட்டு ஊர்வலம் சங்குமுகம் கடலுக்குச் செல்லும் வழி ஓடுபாதையைக் கடக்கிறது. வழி பழையது, பாதை புதியது. ஆகவே ஆண்டுக்கு இருமுறை, விமானிகளுக்கு முன்னறிவிப்பு விடுத்து, சில மணிநேரம் போக்குவரத்து நிறுத்தப்படுகிறது. தெய்வம் அந்தக் கான்கிரீட்டைக் கருட வாகனத்தில் கடந்து போகிறது. 1991இல் பன்னாட்டு நிலையமாக உயர்ந்த பின்னும், 2021இல் நிர்வாகம் தனியார் கைக்குச் சென்ற பின்னும் இந்த ஏற்பாடு நீடிக்கிறது. முன்பே அங்கிருந்ததன் உரிமையை ஏற்று, நேரத்தை அறிந்து, அட்டவணையை அமைத்துக்கொள்ள இயலும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

உயிருள்ள கருடனுக்கு ஊர்வலம்போல் நாள் குறித்து வழிவிட முடியாது என்பது உண்மை. ஆனால் அதன் நேரமும் காரணமும் அறியக் கூடியவையே. ஒவ்வொரு மோதலிலும் இனம் பதிவாக வேண்டும். அன்றைய காற்று, மழை, புல்லின் உயரம் பதிவாக வேண்டும். அந்த இனத்தின் உணவு அருகில் எங்கே கிடந்தது, அதை அகற்றும் பொறுப்பு எந்த அலுவலகத்துடையது என்பதும் பதிவாக வேண்டும். 2025 மார்ச்சில் பெங்களூருக்குச் செல்லவிருந்த விமானம் ஒன்று, பறவை மோதியதாக எழுந்த ஐயத்தால் இரத்து செய்யப்பட்டது. செய்தியில் இருந்தது ‘பறவை’ என்ற ஒரு சொல். அதிலிருந்து எந்த நிர்வாகமும் எதையும் கற்க முடியாது. மாறாக, ‘கால்வாய்க் கரையில் கிடந்த கோழிக் கழிவுக்கு மேல் வட்டமிட்ட கள்ளப்பருந்தின் மீது விமானம் மோதியது’ என்று ஓர் அறிக்கை எழுதப்படுமானால், அந்த வாக்கியத்தில் விமானியும் மாநகராட்சியும் பறவையியலாளரும் தத்தம் பணியைக் காண முடியும்.

பழந்தமிழில் ‘புள்’ என்ற சொல்லுக்குப் பறவை என்று மட்டும் பொருளில்லை. நிமித்தம் என்றும் பொருள் உண்டு. பறவையின் வரவைக் கொண்டு வரப்போவதை அறிந்தனர். ஓடுபாதையின் மேல் வட்டமிடும் பருந்தையும் அவ்வாறு வாசிக்கலாம். அது சுட்டுவது வரப்போவதை அன்று. கீழே ஏற்கெனவே கிடப்பதை.